ஐந்தாம் வேற்றுமையும் ஒரு கால்பந்துப் பருவமும்

2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நம் நகரத்து அணிக்குச் 'சென்னையின் எஃப்.சி.' என்று பெயரிட்டார்கள். இலக்கணம் கருதி இட்ட பெயராக நமக்குத் தோன்றவில்லை. கேட்பவர் காதில் அது முடிவுறாத தொடராகவே விழும். சென்னையின் என்ன? கடற்கரையா, வெயிலா? இன்றைய வழக்கில் 'இன்' உடைமையைக் குறிக்கிறது. ஆகவே 'சென்னைக்கு உரிய அணி' என்று பொருள் கொண்டு அமைதியடைகிறோம். நன்னூலாரிடம் கேட்டால் விடை வேறாக இருக்கும். அவர் கணக்கில் உடைமைக்குரிய ஆறாம் வேற்றுமையின் உருபுகள் அது, ஆது, அ என்பன. 'இன்' ஐந்தாம் வேற்றுமைக்குரியது. அதன் பொருள்களுள் முதலாவது நீங்கல். 'ஊரின் நீங்கினான்' என்றால் ஊரைவிட்டுப் போனான் என்று பொருள்.

வகுப்பறையில் சொல்லிச் சிரிப்பதற்குரிய செய்திதான் இது. ஆனால் 2015ஆம் ஆண்டுப் பருவத்தை இன்று திரும்பிப் பார்க்கையில், அந்த அணி தன் பெயரின் இரு பொருளையும் மூன்று மாதங்களுக்குள் வாழ்ந்து முடித்தது புலப்படுகிறது.

சென்னை கிரிக்கெட் நகரம் என்பது பாதி உண்மை. வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் கால்பந்து தலைமுறைகளாக ஆடப்படுகிறது. ஆயினும் அபிஷேக் பச்சன், வீடா டானி, தோனி ஆகியோர் உரிமையாளர்களாகவும், 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியின் மார்க்கோ மாத்தராத்சி பயிற்சியாளராகவும் அமைந்த இந்த அணியை, தென் புறநகரில் இருந்த நாம் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தோம். முதல் பருவத்தில் லீக் பட்டியலின் தலையில் நின்றும் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது. அடுத்த பருவம் 2015 அக்டோபர் 3 அன்று பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் தொடங்கியது. முந்தைய ஆண்டு பட்டம் வென்ற அத்லெட்டிகோ டி கொல்கத்தாவிடம் 2-3 என்று தோல்வி.

பிறகு வந்த வாரங்களை விரிக்க வேண்டியதில்லை. 10 ஆட்டங்களில் 3 வெற்றி, 1 சமன், 6 தோல்வி, 10 புள்ளிகள். 14 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் இது ஏறத்தாழ முடிந்த கதை.

அணி மீண்டெழுந்த காலமும் நகரம் மூழ்கிய காலமும் ஒன்றே. நவம்பர் முழுதும் வடகிழக்குப் பருவமழை ஓயவில்லை. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அந்த மாதமே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்ட நாள்களில், சொந்த அரங்கில் கேரளாவை 4-1 எனவும் டெல்லியை 4-0 எனவும் வென்றது சென்னை அணி. கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா அந்த வாரங்களில் ஓடிய ஓட்டம் தனியே எழுதத்தக்கது. பருவ முடிவில் 13 கோல்களுடன் லீக்கிலேயே முதலிடம் அவருக்குத்தான். அவருக்கு இணையாக முன்களத்தில் நின்றவர் மிசோரமின் ஜேஜே லால்பெக்லுவா. தமிழே அறியாத இவ்விருவரும்தான் அப்போது 'சென்னையின்' என்ற சொல்லின் எழுவாய்கள்.

டிசம்பர் 1. அன்று மாலை மும்பைக்கு எதிரான ஆட்டம் நேரு அரங்கில் நடந்தது. சென்னை 3-0 என்று வென்றது. அதே நாளில் தொடங்கி மறுநாள் காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியை எட்ட, அடையாறு கரை மீறியது. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு மறுநாள் அச்சேறவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததே காரணம். 1878இல் தொடங்கிய அவ்விதழின் வரலாற்றில் இது முதன்முறை என்றார்கள். ஆகவே அணியை அரையிறுதிக்கு மிக அருகே கொண்டுவந்த அந்த வெற்றியின் செய்தியை மறுநாள் காலை சென்னையில் அந்தத் தாளில் படித்தவர் ஒருவருமில்லை. படிக்கும் நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

சிறுசேரியில் நாம் இருந்த தெரு தப்பித்தது. ஆனால் செம்மஞ்சேரிப் பக்கம் சாலை நீருக்குள் போக, பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் தீவுகள் ஆயின. கல்லூரி திறக்க நாளாயிற்று. திறந்தபோது வருகைப் பதிவேட்டில் முடிச்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே வரிசையாக வெற்றிடம்.

அணி அதற்குள் ஊரை நீங்கியிருந்தது. டிசம்பர் 5 அன்று புனேயில் 1-0 என்ற வெற்றி, தொடர்ந்து நான்காவது. 22 புள்ளிகளோடு மூன்றாமிடம், அரையிறுதி. அதன் முதல் ஆட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டும். வெள்ளம் வடியாத நகரில் அதற்கு வழியில்லை என்று புனேயின் பாலேவாடி அரங்குக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று அங்கே 'சொந்த மண்' ஆட்டம் நடந்தது: கொல்கத்தாவுக்கு எதிராகப் பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா ஆகியோரின் மூன்று கோல்கள், 3-0. பதினோரு பேரும் சென்னையின் சீருடையில். இருக்கைகளோ வேறொரு நகரத்துக்குரியவை. நன்னூல் உரையாசிரியர் எவரேனும் அன்று அரங்கில் இருந்திருந்தால் நீங்கற்பொருளுக்குப் புதிய எடுத்துக்காட்டுத் தேடி அலைந்திருக்க மாட்டார். நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என முன்னேறியது அணி.

இறுதியாட்டம் டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்தா அரங்கில், கோவா அணிக்கு எதிராக. 54ஆவது நிமிடத்தில் பெலிசாரியின் பெனால்டி தடுக்கப்பட, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். நான்கு நிமிடத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். அடுத்து மெண்டோசாவின் பெனால்டியையும் கோல்காப்பாளர் கட்டிமணி தடுத்தார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரேயின் கோலால் கோவா 2-1. அரங்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90ஆவது நிமிடம்: இரு பெனால்டிகளையும் தடுத்த அதே கட்டிமணியின் கைபட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. மேலும் இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3-2. கட்டிமணியை நினைத்து நாம் இன்றும் வருந்துவதுண்டு. காவிய நாயகர்களுக்கு நேரும் வீழ்ச்சி அது, ஆனால் அவருக்கு ஒரு புலவர் வாய்க்கவில்லை.

வெற்றி வெள்ளத்தில் தவித்த சென்னை மக்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 'துயருற்ற நகருக்கு மருந்து' என்ற தொனியில் நிறைய எழுதினார்கள். அதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. நனைந்த மெத்தைகளும் நோட்டுப் புத்தகங்களும் தெருவோரம் குவிந்து கிடந்த டிசம்பர் அது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த அணியின் பெயரே தெரியாது. கோப்பை எந்தச் சுவரின் ஈரத்தையும் உலர்த்தவில்லை. துயரை வெற்றிக்குப் பின்னணித் திரையாக்குவது எழுதுகிறவனுக்கு எளிது, துயருற்றவனுக்கு அவமதிப்பு.

ஆனால் முடிச்சூர் மாணவர் ஒருவர் விடுப்பு முடிந்து வந்து சொன்னதையும் மறைக்க இயலாது. வீட்டுத் தொலைக்காட்சி தண்ணீரில் போய்விட்டது. தாம்பரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்று கடைசி இரண்டு கோலையும் பார்த்திருக்கிறார். "நம்ம டீம் சார்" என்றார். அதற்கு முன் அவர் அந்த அணியைப் பற்றிப் பேசி நாம் கேட்டதில்லை. உடைமை எப்போது, எங்கே உண்டாகிறது என்பதற்கு எந்த நூற்பாவும் நம்மிடம் இல்லை.

அணி இரண்டாம் முறை பட்டம் வென்றது 2018 மார்ச் 17 அன்று. எதிரணி பெங்களூரு, ஆட்டம் நடந்ததும் பெங்களூரில்தான். கோல் கணக்கும் அதே 3-2.