தால்சிம்மும் மதுரை வீரனும்

சண்டை விளையாட்டில் கதை ஏது என்று நானும் எண்ணியதுண்டு.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் தால்சிம் என்னும் இந்திய யோகி வருகிறார். கைகால்களை நீட்டி அடிப்பார்; நெருப்பை உமிழ்வார்; கழுத்தில் மண்டையோட்டு மாலை. கேலிச்சித்திரம்தான்! (நமக்குச் சற்று வலிக்கவும் செய்கிறது.) ஆயினும், அவை கொள்ளைநோயில் மாண்ட தம் ஊர்க் குழந்தைகளின் மண்டையோடுகள் என்கிறது அவர் கதை. ஏழை மக்களுக்காகவே அவர் போரிடுகிறார்.

தோட்டத்து மதுரை வீரனும் கதையால் வளர்ந்தவனே. காட்டில் விடப்பட்ட குழந்தை, பொம்மியின் காதலன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், பிறகு காவல் தெய்வம். 1956இல் திரைப்படமாகவும் வந்தான். நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு மக்கள் சிரம்பான் பக்கம் பெயர்ந்தபின், அக்கதையைச் சொல்லும் பாட்டிமார் அருகிவிட்டனர்.

தால்சிம்மின் மகன் தத்தா என்பதை அறிந்த மாணவனிடம், கோயிலில் வாளேந்தி நிற்பவர் யார் என்று கேட்டேன்.

“சாமி, ஐயா” என்றான்.