பதநீரில் சுண்ணாம்பு சேர்த்தல்

பதநீரில் சுண்ணாம்பு சேர்த்தல் என்பது பனை, தென்னை ஆகிய மரங்களின் பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு புளித்துக் கள்ளாக மாறாதிருக்க, அதனைச் சேகரிக்கும் கலயத்தின் உட்புறத்தில் நீற்றிய சுண்ணாம்பைப் பூசும் முறை ஆகும். சாறு வடியத் தொடங்கும் முன்னரே சுண்ணாம்பு கலயத்தில் இருத்தல் வேண்டும். புளித்த பின்னர் சேர்ப்பதால் கள் மீண்டும் பதநீர் ஆவதில்லை. பனையும் தென்னையும் வளரும் புதுக்கோட்டை மாவட்டம் உள்ளிட்ட தமிழகப் பகுதிகளில் இவ்வேறுபாடு சுவையோடு மட்டுமன்றிச் சட்டத்தோடும் தொடர்புடையது.

சாறு புளிக்கும் விதம்

புதிதாக வடியும் சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உள்ளது. இதில் பெரும்பகுதி சுக்ரோசு ஆகும். காற்று, பூச்சிகள், கலயத்தில் ஒட்டியுள்ள பழைய சாறு ஆகியவற்றின் வழியே மதுவமும் (ஈசுட்டு) பாக்டீரியாக்களும் சாற்றை அடைகின்றன. கோடை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே நொதித்தல் தொடங்கிவிடுகின்றது. மதுவம் சர்க்கரையை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றது. பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன.

நேரமும் அளவும்

பனையேறுபவர் பாளையின் நுனியைச் சீவியபின், சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டுகின்றார். முதல் துளியே சுண்ணாம்பின் மீது விழுவதால் சாறு காரத்தன்மை அடைந்து நுண்ணுயிர்களின் வளர்ச்சி தடைப்படுகின்றது.

* சுண்ணாம்பு குறைந்தால் சாறு இறக்குவதற்குள் புளிக்கும். சுக்ரோசு குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் பிரிவதால், காய்ச்சும்போது கருப்பட்டி சரிவர இறுகாது.
* சுண்ணாம்பு மிகுந்தால் பதநீரின் சுவை கெடும். கருப்பட்டியின் நிறமும் கருக்கும்.

சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த பதநீர் வடிகட்டி எடுக்கப்படுகின்றது.

ஹாப்சுடன் ஒப்பீடு

பியர் தயாரிப்பில் ஹாப்சு எனும் கொடியின் பூக்கள் சேர்க்கப்படுகின்றன. கொதிநிலையின் தொடக்கத்தில் சேர்த்து ஏறத்தாழ 60 நிமிடங்கள் கொதிக்கவிட்டால் கசப்பு மிகும்; இறுதியில் சேர்த்தால் நறுமணம் தங்கும். ஹாப்சு, பியரைக் கெடுக்கும் இலாக்டிக் அமில பாக்டீரியாக்களைத் தடுத்து, மதுவத்தைச் செயற்பட விடுகின்றது. சுண்ணாம்போ இரண்டையும் தடுக்கின்றது. எனவே ஹாப்சு சேர்க்கும் நேரம் பானத்தின் சுவையை மாற்றுகின்றது. சுண்ணாம்பு சேர்க்கும் நேரம் பானத்தையே மாற்றுகின்றது.

சட்டநிலை

தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமம் இன்றி வீட்டில் பியர் உள்ளிட்ட மது வகைகளைத் தயாரிப்பது குற்றமாகும். கள் இறக்குதல் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. புளிக்காத பதநீர் இறக்குதல் அனுமதிக்கப்படுகின்றது. ஒரே மரத்தின் சாறு அனுமதிக்கப்பட்ட பானமாவதும் தடை செய்யப்பட்ட பானமாவதும் கலயத்தில் உரிய நேரத்தில் பூசப்படும் சுண்ணாம்பைப் பொறுத்தே அமைகின்றது.

மாற்று முறை

காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னஞ்சாற்றைப் பனிக்கட்டி இட்ட பெட்டியில் சேகரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. இதில் சுண்ணாம்பு தேவையில்லை. எனினும் இறக்கியது முதல் அருந்தும் வரை குளிர்நிலை காக்கப்படாவிடில் சாறு புளிக்கத் தொடங்கும்.