இரண்டாவது மாத்திரையின் வரலாறு

மொழிபெயர்ப்பு என் தொழில். மத்திய அரசின் அலுவலகமொன்றில் பல்லாண்டுகளாகக் கோப்புகளையும் அறிக்கைகளையும் தமிழாக்கி வருகிறேன். சொற்களோடு நாள்தோறும் பழகுகிறவர்களுக்குச் சில சொற்களின் மீது தனிக் கவனம் விழுவதுண்டு. பெண்களின் மாதாந்திர உதிரப்போக்கைக் குறிக்க நம் மொழியில் எத்தனை மறைவுச் சொற்கள்! ‘தூரம்’ என்கிறோம், ‘விலக்கு’ என்கிறோம், ‘வீட்டில் இல்லை’ என்றுகூடச் சொல்வதுண்டு. உதிரம் என்ற சொல் மட்டும் எவர் வாயிலும் வருவதில்லை. இந்த மறைவு நாகரிகத்தின் பாற்பட்டதே. ஆயினும், மறைத்துப் பேசிப் பழகிய நாவுக்கு, சொல்லியே தீரவேண்டிய வேளையிலும் சொல் எழாமற்போவதுண்டு. என் தமக்கையாருக்கு நேர்ந்தது அதுதான்.

கணவரின் உத்தியோகம் காரணமாக அவர் நாகபுரியில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மாதவிடாய் முற்றும் நின்ற பிறகு, உடல் திடீரெனக் கொதிப்பதும், இரவில் வியர்த்து உறக்கம் கெடுவதுமாக அவர் துன்புற்றார். மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை தொடங்கி, இரண்டு வகை மாத்திரைகளைக் கொடுத்தார். கொதிப்பு அடங்கியது. ஓராண்டிற்குப் பின் ஒரு நாள் சிறிது உதிரம் தென்பட்டது. ‘மாத்திரையின் சூடு’ என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐந்து மாதங்கள் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. விடுமுறையில் நான் அங்கே சென்றிருந்தபோதுதான், அதுவும் அடுப்படியில், அரைச் சொல்லாக, “அடியே, நின்னுபோனது திரும்பவும் வருதுடி” என்றார். மறுநாளே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே என்ன தெரிய வந்தது என்பதைக் கூறுமுன், அந்த மாத்திரைகளின் வரலாற்றை நேயர்கள் அறிதல் நலம். என் தமக்கையாரின் வீட்டில் நிகழ்ந்தது, அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க நாட்டில் பல்லாயிரம் இல்லங்களில் நிகழ்ந்தவொன்று.

மாதவிடாய் நிற்கும் பருவத்திற்கு ‘மெனோபாஸ்’ என்ற பெயரை 1821இல் வழங்கியவர் கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர். திங்கள், நிற்றல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் புணர்ச்சி அது. பெயர் கிடைத்து ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகே காரணம் புலப்பட்டது. 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்னும் இருவர், சூற்பையில் ஊறும் ஒரு சுரப்பின் செயலை நிறுவிக் காட்டினர். 1929இல் டாய்சியும், ஜெர்மனியில் பூட்டனான்ட் என்பவரும், ஒருவரை ஒருவர் சாராமல், கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து அவ்வினப் பொருளொன்றைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். ஈஸ்ட்ரோஜன் என்று நாம் அழைப்பது இவ்வினத்தையே. அதே 1929இல் ஜார்ஜ் கார்னர், வில்லார்ட் ஆலன் என்னும் வேறிருவர், சூற்பையின் மற்றொரு சுரப்பின் செயலையும் விளக்கினர். புரோஜெஸ்டிரோன் எனப் பெயர் பெற்ற அது 1934இல் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது.

இவ்விரண்டின் தொழிலையும் ஓர் உவமையால் விளக்கலாம். கருப்பையின் உள்வரிச் சவ்வை ஒரு வயலாகக் கொண்டால், ஈஸ்ட்ரோஜன் நீர் பாய்ச்சிப் பயிரை வளர்ப்பது; புரோஜெஸ்டிரோன் அப்பயிரை முதிர்வித்து அறுவடைக்கு ஆயத்தம் செய்வது. மாதந்தோறும் புரோஜெஸ்டிரோன் குறையும்போது சவ்வு உதிர்ந்து வெளியேறுகிறது. அறுவடையே இன்றி நீர் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தால் வயல் என்னவாகும்? பயிர் மண்டும், களையும் மண்டும்.

1942இல், கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் கொதிப்புக்கும் உறக்கமின்மைக்கும் அது நல்ல மருந்தாகவே விளங்கியது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர், இந்த மருந்தை உட்கொள்ளும் பெண் என்றும் இளமையோடு இருப்பாள் என்னும் கருத்துப்பட ஒரு நூலை வெளியிட்டார். நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. நோய்க்கு மருந்து என்றிருந்தது, முதுமைக்கே மருந்து என்றாயிற்று. பெரும்பாலான பெண்கள் உட்கொண்டது ஈஸ்ட்ரோஜன் ஒன்றை மட்டுமே. அறுவடைக்காரனை அழைக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக எழவில்லை.

விளைவு 1975ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது. புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ், டிசம்பர் மாதத்தில் இரண்டு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டது. சியாட்டிலைச் சேர்ந்த டொனால்ட் ஸ்மித் குழுவினரின் ஆய்வின்படி, ஈஸ்ட்ரோஜன் உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உள்வரிச் சவ்வில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு 4.5 மடங்கு. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஸீல், ஃபிங்கில் என்பவர்களின் ஆய்வில் அது 7.6 மடங்கு, ஏழாண்டுகளும் அதற்கு மேலும் உட்கொண்டவர்களுக்கோ 13.9 மடங்கு. மறு ஆண்டே அமெரிக்க அரசு, மருந்துடன் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. 1980க்குள் ஈஸ்ட்ரோஜன் மருந்துச்சீட்டுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதனைத் தொடர்ந்து அந்நாட்டில் இப்புற்றுநோயின் அளவும் இறங்கியது.

இங்கே ஒரு வழக்கு எழுந்தது. அது நம் பொருளோடு மிக நெருங்கியது. 1978இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்விட்ஸ், ஃபைன்ஸ்டைன் என்னும் இருவர் ஓர் எதிர்வாதத்தை முன்வைத்தனர். ஈஸ்ட்ரோஜன் உதிரப்போக்கை உண்டாக்குகிறது, உதிரம் கண்ட பெண் மருத்துவரிடம் செல்கிறாள், மருத்துவர் சோதிக்கிறார், ஏற்கெனவே மறைந்திருந்த புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே மருந்து நோயை உண்டாக்கவில்லை, வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே என்பது அவர்கள் வாதம். கூர்மையான வாதந்தான். ஆயினும், மறைந்திருக்கும் புற்றுநோய் நெடுங்காலம் மறைந்தே இராது. மருந்து உண்ணாத பெண்களிடத்தும் அது ஒரு நாள் வெளிப்பட்டே தீரும் என்று மறுவாதம் எழுந்தது. பின்வந்த ஆய்வுகளும் மருந்தின் மீதுள்ள குற்றத்தையே உறுதி செய்தன. ஆனால் இந்த வழக்கில் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஓர் உண்மை உண்டு. உதிரம் கண்டதும் சோதித்தால், உள்ளிருக்கும் நோய் அகப்படும் என்பதே அது.

மருந்தைக் கைவிடுவதா, திருத்துவதா என்ற வினாவுக்கு விடை பழைய நூல்களிலேயே இருந்தது. சூற்பை தரும் சுரப்புகள் இரண்டல்லவா? 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் நிகழ்ந்த ஆய்வுகள், மாதந்தோறும் சுமார் 12 நாட்கள் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், சவ்வு மட்டுமீறி வளர்வது தடுக்கப்படுகிறது என்று காட்டின. இதுவே இரண்டாவது மாத்திரையின் பிறப்பு. அமெரிக்காவில் மூன்றாண்டுகள் நடந்து 1996இல் வெளியான பெப்பி என்னும் ஆய்வு இதனை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது. கருப்பை உள்ள பெண்களில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, கவலைக்குரிய வகையில் சவ்வு தடித்தது. இரண்டையும் சேர்த்து உட்கொண்டவர்களிடத்தில் அத்தகைய மாறுதல் மிக அரிதாயிருந்தது.

இரண்டாவது மாத்திரைக்கும் தனக்கென ஒரு குறை உண்டு. 2002 ஜூலையில், 16,608 பெண்களைக் கொண்ட ஒரு பேராய்வு அமெரிக்காவில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இரு மருந்துகளையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும், பக்கவாதமும், இரத்தக்கட்டும் சற்று மிகுதியாகக் காணப்பட்டமையே காரணம். அன்று முதல் இச்சிகிச்சை எல்லோருக்கும் என்றில்லாமல், துன்பம் மிகுந்தவர்களுக்கு, பெரும்பாலும் அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அளவறிந்து கொடுக்கப்படுகிறது. ஆனால் கருப்பையைப் பொறுத்தமட்டில், இரண்டாவது மாத்திரை காவற்காரனாகவே இன்றும் நிற்கிறது.

இனி நாகபுரிக்குத் திரும்புவோம். மருத்துவர் அம்மையார் மாத்திரை அட்டைகளைக் கேட்டார். தமக்கையார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரே ஓர் அட்டை. மற்றொன்று எங்கே என்றதற்கு, அது வயிற்றை உப்பச் செய்ததால் நிறுத்திவிட்டதாகவும், அண்டை வீட்டு அம்மாள் பல ஆண்டுகளாக ஒரே மாத்திரைதான் உட்கொள்வதாகவும் சொன்னார். அந்த அம்மாளுக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. கருப்பை இல்லாதவருக்கு இரண்டாவது மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. உள்ளவருக்கோ அது இன்றியமையாதது. மாறுபட்ட இரு உடல்களுக்கு ஒரே வழக்கத்தைக் கொண்டதால் வந்த பிழை அது.

ஒலி அலைக் கருவியால் சவ்வின் தடிமனை அளந்தனர். மெல்லிய குழாயொன்றைச் செலுத்திச் சவ்வில் சிறிதளவு எடுத்துச் சோதித்தனர். சவ்வு மட்டுமீறி வளர்ந்திருந்தது. அணுக்கள் புற்றுநோயின் பாதையில் இறங்கியிருக்கவில்லை. ஈஸ்ட்ரோஜனை நிறுத்தி, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைக் கொடுத்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் மறுபடியும் சோதித்தபோது சவ்வு இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. “இன்னும் ஓரிரு ஆண்டுகள் பேசாமலிருந்தால்?” என்று நான் கேட்டேன். மருத்துவர் விடை கூறவில்லை. அவர் கூறாததை நான் மொழிபெயர்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

வரலாறு நமக்குக் கற்பிக்கும் நடைமுறை இதுவே. பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் இல்லாதிருந்து, அதன்பின் ஒரு துளி உதிரம் தென்பட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹார்மோன் மருந்து உட்கொள்பவர்கள் சில வேறுபாடுகளை அறிந்திருத்தல் நன்று. மாதத்தில் சில நாட்கள் மட்டும் இரண்டாவது மருந்தை உட்கொள்ளும் முறையில், அது முடியும் தறுவாயில் உதிரம் வருவது எதிர்பார்க்கத்தக்கது. இரண்டையும் நாள்தோறும் உட்கொள்ளும் முறையிலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை சிறு கசிவு உண்டாகலாம். அதற்கு மேலும் நீடித்தாலும், நின்றது மீண்டும் தோன்றினாலும், மிகுதியாகப் பெருகினாலும் ‘மருந்தின் சூடு’ என்று ஒதுக்கலாகாது.

அஞ்சி நடுங்கவும் வேண்டுவதில்லை. 2018இல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வின்படி, மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்ட நூறு பெண்களுள் சுமார் ஒன்பது பேருக்கே இப்புற்றுநோய் காணப்பட்டது. ஏனையோருக்குக் காரணம் சவ்வு மெலிதல், சிறு சதை வளர்ச்சி, மாத்திரையைத் தவறவிடுதல் போன்றவையாக இருக்கலாம். ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது: இப்புற்றுநோய் கண்ட பெண்களில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேருக்கு உதிரப்போக்கு தோன்றியிருந்தது. இத்தனை தெளிவாக, இத்தனை முன்கூட்டியே அறிவிக்கும் நோய்கள் மிகச் சில. அறிவிப்பைக் கேட்பவர் பெரும்பாலும் பிழைக்கிறார்.

மருத்துவரிடம் செல்லும்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். உதிரம் கண்ட தேதிகளைக் குறித்து வையுங்கள். கருப்பை அகற்றப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். மருந்தைத் தாமாகக் குறைப்பதும் நிறுத்துவதும் வேண்டா.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழ்கிற சகோதரிகளுக்கு ஒரு சொல். மகனையோ மருமகனையோ மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் சென்று, அவர் எதிரில் வாய் மூடி அமர்ந்திருந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அது வேண்டாம். இந்தி வழங்கும் ஊராயின், “மாஹ்வாரி பந்த் ஹோனே கே பாத் கூன் ஆயா ஹை” என்று சொன்னால் போதும். மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் வந்தது என்பதே அதன் பொருள். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் குற்றமில்லை. இருபது ஆண்டுகளாக நான் மொழிபெயர்த்த வாக்கியங்களுள் இதனினும் பயனுள்ளது பிறிதொன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.