ஒரு சாண் கிபிர்

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்த மச்சான் எனக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தான். 1/72 அளவு பிளாஸ்டிக் மொடல் கிட். மூடியில் இரண்டு இருக்கை ஜெட் ஒன்றின் படம், பக்கத்தில் பெயர்: கிபிர் டிசி-2.

"நீ வரலாறுதானே படிக்கிறாய், பிடிக்கும் எண்டு நினைச்சன்" என்றான். அவன் அங்கேயே பிறந்தவன். அவனில் பிழை சொல்ல ஏலாது.

2009இல் எனக்கு ஆறு வயது. வண்டு சுத்தினால் பின்னால் கிபிர் வரும், பங்கருக்குள் ஓட வேணும், அவ்வளவுதான் தெரியும். வேகமாக வந்த எல்லாமே எங்களுக்குக் கிபிர்தான். அதில் மிக்-27உம் இருந்தது எண்டு பிறகுதான் வாசித்து அறிந்தேன். கிபிர் எண்டால் ஹீப்ரு மொழியில் சிங்கக்குட்டி. எங்கட நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!

இரண்டு இரவு குந்தியிருந்து ஒட்டினோம். முதலில் இறக்கை. முக்கோண வடிவம், அது பிரான்சின் மிராஜ். இஸ்ரேல் 50 மிராஜ்-5 விமானங்களுக்கு ஓடர் கொடுத்திருந்தது. 1967 போரோடு டி கோல் ஆயுதத் தடை போட்டார். விமானங்கள் போய்ச் சேரவேயில்லை. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பனியில் வேலை செய்த அல்பிரெட் பிரவுன்க்னெக்ட் என்ற பொறியியலாளர் மிராஜ் எஞ்சினின் வரைபடங்களை இஸ்ரேலுக்குக் கடத்தினார். 1969இல் பிடிபட்டார், 1971இல் நாலரை வருடச் சிறை.

பிறகு வால்பக்கம். இது அமெரிக்கா. இஸ்ரேல் பிரெஞ்சு எஞ்சினை விட்டுவிட்டு, பான்டம் விமானத்தின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஜே-79ஐப் பொருத்தியது. அது கூடச் சூடாகும், கூடக் காற்றுக் குடிக்கும். அதனால்தான் காற்று உள்வாங்கிகள் பெருத்திருக்கு, வால் செட்டை தொடங்கும் இடத்தில் சின்னக் காற்றுக் குழாய் ஒன்று இருக்கு. மூன்று மில்லிமீற்றர்கூட வராது, ஒட்டுறதுக்குள் கீழே விழுந்து அரை மணித்தியாலம் தேடினோம்.

எஞ்சின் அமெரிக்காவினது என்பதால் விமானத்தை வேறு நாட்டுக்கு விற்கவும் அமெரிக்காவின் அனுமதி வேணும். 1977இல் எக்வடோருக்கு 24 கிபிர்களை விற்க கார்ட்டர் அரசு விடவில்லை. இதை வாசித்தபோது கையில் பசையோடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இலங்கைக்கு 1996இல் முதல் தொகுதி வந்தது: ஆறு ஒற்றை இருக்கை சி-2, ஒரு டிசி-2. "இல்லை" என்று சொல்லக்கூடிய ஒரு மேசையைத் தாண்டித்தான் அதுகளும் வந்திருக்க வேணும். 2001 ஆடி 24 கட்டுநாயக்கத் தாக்குதலில் இரண்டு கிபிர்கள் அழிந்தன. ஆனால் அதோடு முடியவில்லை, எங்கட தலைக்கு மேல் வந்தது அதற்குப் பிறகுதானே.

கடைசியாக முன்பக்கம். டிசி-2 பயிற்சி விமானம். இரண்டாவது இருக்கைக்கு இடம் விட்டதில் மூக்கு நீண்டுவிட்டது. விமானிக்கு முன்னால் தெரிய வேணும் எண்டு அதைக் கீழே வளைத்திருக்கிறார்கள். ஒற்றை இருக்கைக் கிபிரின் மிடுக்கு இதில் இல்லை, ஏதோ நிலத்தில் தேடுற மாதிரி இருக்கு. பின் இருக்கையில் ஆசிரியர், முன் இருக்கையில் மாணவர். நகம் அளவுகூட இல்லாத அந்த இரண்டு கதிரைகளுக்கும் நான்தான் கறுப்பு அடித்தேன். கட்டுநாயக்கத்தில் நின்ற டிசி-2இன் பின் கதிரையில் இருந்தும் யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். பிழை விட்டால் திருத்தியும் இருப்பார். குண்டுகளை நினைத்த அளவுக்கு அந்த வகுப்பை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கிட்டில் இஸ்ரேல், கொலம்பியா அடையாளங்கள் இருந்தன. மச்சான் எது ஒட்டுவம் எண்டு கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவன் பிறகு கேட்கவில்லை.

முடிந்ததும் அம்மா வந்து பார்த்தா. மேசையில் ஒரு சாண் நீளத்தில் கிடந்தது.

"இதுவோ அது?" என்றா. "நான் ஒருநாளும் அதைக் கண்டதில்லை. சத்தம் கேட்டால் உன்னை அமத்திப் பிடிச்சுக்கொண்டு குப்புறப் படுக்கிறதுதானே."

கொஞ்சம் குனிந்து, "எந்த இடத்தாலயடா அந்தச் சத்தம் வாறது?" எண்டு கேட்டா.

வால்பக்க ஓட்டையைக் காட்டினேன். விரலைக் கொண்டுபோனா.

"மாமி, பசை இன்னும் காயேல்லை, தொடாதேங்கோ" என்றான் மச்சான்.