பொது என்றால் இழிவா?

'காமன்' என்றதும் கரும்பு வில்லேந்திய மன்மதன் நினைவுக்கு வருவானாகில், அவனைச் சற்றே ஒதுங்கி நிற்கச் சொல்லுவோம்! நாம் கூறவந்தது, ஆங்கிலேயர் அன்றாடம் புழங்கும் 'காமன்' என்னும் சொல்லைப் பற்றி. எல்லோர்க்கும் உரியது என்பது அதன் பொருள். எங்கும் காணப்படுவது என்பதும் பொருள். ஊர் மேய்ச்சல் வெளிக்கும் அதுவே பெயர். இவற்றோடு, நயமற்றது, மட்டமானது என்றும் ஒரு பொருள் உண்டு. எல்லோர்க்கும் உரியது எங்ஙனம் மட்டமானதாயிற்று? அகராதி பொருளைத் தரும். காரணத்தை வரலாறுதான் தரவேண்டும்.

இச்சொல் இலத்தீனில் பிறந்து, பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்தது. பொதுவுடைமையைக் குறிக்கும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே.

இங்கிலாந்தின் சிற்றூர்களில், நிலம் பிரபுவின் பெயரில் இருப்பினும், அதில் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊராருக்கு வழிவழி உரிமை இருந்தது. அந்த வெளிதான் 'காமன்'. ஆட்டு மயிர் நல்ல விலை போகவே, பிரபுக்கள் வேலியிட்டனர். 1549-இல் நார்ஃபோக் வட்டார உழவர்கள் அவ்வேலிகளைப் பிடுங்கி எறிந்தனர். தலைமை தாங்கியவர் ராபர்ட் கெட். தாம் இட்ட வேலியையே முதலில் அகற்ற இசைந்த நிலக்காரர்! கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, அவ்வாண்டு டிசம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதே 1549-இல்தான், 'காமன்' என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய பொது வழிபாட்டு நூல் நாடெங்கும் தேவாலயங்களில் கட்டாயமாக்கப்பட்டது. வழிபாடு பொது, புல்வெளி பிரபுவுக்கு!

1649 ஜனவரியில் மன்னன் சார்லசின் தலை உருண்டது. மே மாதம், நாடு 'காமன்வெல்த்' என்று அறிவிக்கப்பட்டது. பொதுச்செல்வம் என்ற அப்பெயரை நம்பத் துணிந்தவர்களும் உண்டு. ஏப்ரலிலேயே, வின்ஸ்டன்லி என்பாரும் அவர்தம் தோழர்களும் சர்ரே வட்டாரக் குன்றொன்றில் தரிசைக் கொத்திப் பயிரிட்டனர். நிலம் அனைவர்க்கும் பொது என்றனர். அடுத்த ஆண்டுக்குள் அவர்கள் விரட்டப்பட்டனர். பெயர் நிலைத்தது, பொருள் துரத்தப்பட்டது!

பின்னர் வேலிக்குச் சட்டமே காவலாயிற்று. 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள். அடைபட்டது ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு! சட்டம் செய்தவர்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்கள். பசு மேய்த்தவனுக்கோ நெடுங்காலம் வாக்கே இல்லை. உடைமையைப் பறித்தவர்கள் உடையவனை மதிப்பார்களா? பலருக்கு உரியதைச் சிலர் ஏளனம் செய்த நாட்டில், 'பொது' என்ற சொல்லிலும் ஏளனம் ஏறியதில் வியப்பென்ன?

பெண்ணிடம் இச்சொல் காட்டிய கொடுமை பெரிது. ஆடவனுக்கு முன் நின்றால் சாமானிய மனிதன். பெண்ணுக்கு முன் நின்றால் விலைமகள்! ஆங்கிலேயனை மட்டும் நகைத்துப் பயனில்லை. பொதுமக்கள் என்று மதிப்போடு பேசும் நம் தமிழிலும், 'பொதுமகள்' என்பதற்கு அதே இழிபொருளைத்தானே ஏற்றி வைத்தோம்?

எனினும், அச்சொல்லைக் கையிலெடுத்தே எதிர்த்தவர்களும் உண்டு. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் ஃபிலடெல்ஃபியாவில் வெளியிட்ட சிறு நூலுக்கு 'காமன் சென்ஸ்' என்று பெயரிட்டார். பிறப்பினாலேயே ஒருவனுக்கு ஆளும் உரிமை ஏது என்று கேட்ட நூல் அது. அதற்கு விடை காணப் பெரும்புலமை வேண்டாம், பொது அறிவே போதும் என்பது தலைப்பிலேயே தெரிந்தது. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கா விடுதலையை அறிவித்தது.

இங்கிலாந்திலோ, பார்லிமெண்ட்டின் கீழ்ச்சபைக்குப் பெயரே 'காமன்ஸ்'. அச்சபை 1909-இல் நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் சபை தள்ளியது. 1911-இல், அந்தப் பிரபுக்களின் தடுக்கும் அதிகாரமே சட்டத்தால் வெட்டிக் குறைக்கப்பட்டது. மட்டமானவர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய சபை, மேன்மக்கள் சபையை வென்றது!

சொல் தானாக உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை. ஆள்பவன் தாழ்த்துகிறான், எழுபவன் உயர்த்துகிறான். இனி எவரேனும் உதட்டைப் பிதுக்கி, "அவன் வெறும் சாமானியன்" என்று சொல்லக் கேட்டால், சொன்னவர் எந்த வேலிக்கு அப்பால் நின்று சொல்கிறார் என்பதை முதலில் பார்ப்போம்.