நஜ்ரானும் செங்கடலும்: ஹிம்யர் அரசில் மதமும் அரசியலும்

இஸ்லாத்துக்கு முற்பட்ட அராபியாவை 'அறியாமைக் காலம்' என்ற ஒரு தொடரில் அடக்கிவிடுதல் மரபாகியுள்ளது. தென் அராபியக் கல்வெட்டுகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. யெமனில் ஸபார் நகரிலிருந்து ஆண்ட ஹிம்யர் மன்னர், கி.பி. 380 அளவிலேயே பழைய தெய்வங்களைக் கைவிட்டனர். மஆரிபில் அல்மக்கா என்னும் தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட பெருங்கோயில் வெறிச்சோடிற்று. அதன்பின் எழுந்த அரச சாசனங்கள் 'ரஹ்மானன்' என்னும் ஒரே வானிறைவனையே போற்றுகின்றன.

இம்மன்னர் யூத மதத்தின்பாற் சாய்ந்ததேன்? செங்கடலின் மறுகரையில் அக்சூம் அரசு நான்காம் நூற்றாண்டிற் கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தது. உரோமப் பேரரசன் இரண்டாம் கொன்ஸ்தாந்தியஸ் ஹிம்யருக்கும் சமயத் தூதனுப்பினான். நறுமணப் பொருளும் கீழைத்தேயச் சரக்கும் செல்லும் வழியிலிருந்த நாட்டுக்கு, கிறிஸ்தவத்தை ஏற்பது உரோமச் சார்பை ஏற்பதாகவே முடிந்திருக்கும். யூத மதமோ எந்த வல்லரசுக்கும் உரியதன்று.

அக்சூமின் ஆதரவில் அரியணையேறிய கிறிஸ்தவ மன்னனுக்குப் பின், 522 அளவில் யூசுப் அஸ்அர் ஆட்சியைக் கைப்பற்றினான். அரபு மரபு தூ நுவாஸ் எனக் குறிப்பிடுபவன் இவனே. ஸபாரிலிருந்த அக்சூமியப் படையினரைக் கொன்று தேவாலயத்தை எரித்தான். 523இல் வணிக நகரான நஜ்ரானை முற்றுகையிட்டான். அவனுடைய தளபதி அப்பகுதிப் பாறைகளிற் பொறித்த சாசனங்கள் அப்படையெடுப்பின் பேறுகளைக் கணக்கிடுகின்றன: கொல்லப்பட்டோர் 12,000க்கு மேல், சிறைப்பட்டோர் 11,000, கவர்ந்த ஒட்டகம், மாடு, ஆடுகள் 290,000. பாபுல் மந்தப் நீரிணையை அக்சூமியருக்கெதிராக அரண்செய்தமையும் அவற்றிற் கூறப்படுகின்றது. இறைவன் பெயரோடு மந்தைக் கணக்கும் கடற்காவலும் ஒரே கல்லில் இடம்பெறுவது நோக்கற்பாலது.

இதனால் மதம் வெறும் போர்வையே என்பார் கூற்று முழுதும் ஏற்கத்தக்கதன்று. நம்பிக்கையைத் துறந்து உயிர்பிழைக்க மறுத்தே நஜ்ரான் கிறிஸ்தவர் மடிந்தனர் எனச் சிரியாக் ஏடுகள் கூறும். ஆள்வோர்க்கு அணிசேர்க்கையாக இருந்தது, மடிந்தோர்க்கு அவ்வாறிருக்கவில்லை.

525 அளவில் அக்சூம் மன்னன் காலெப் படையுடன் கடல் கடந்தான், யூசுப் அழிந்தான். உரோமின் எதிர்பார்ப்போ வேறு. பாரசீக வணிகரை விலக்கி அக்சூமியர் மூலம் பட்டு வாங்கவும், ஹிம்யரைப் பாரசீகத்தின்மீது ஏவவும் பேரரசன் யுஸ்தினியன் முயன்றதாகப் புரொக்கோப்பியஸ் எழுதுகிறார். இரண்டும் கைகூடவில்லை. பின்னர் ஆட்சியைப் பறித்த அப்ரஹா கிறிஸ்தவனாயினும் அக்சூமுக்கு அடங்கி நடக்கவில்லை. 548இல் மஆரிப் அணையைச் செப்பனிட்டபோது உரோமத் தூதரையும் பாரசீகத் தூதரையும் ஒருங்கே வரவேற்றான்.

நஜ்ரான் சாசனங்களைப் பொறித்த தளபதி யஸன் குலத்தவன். அக்சூமியரை விரட்ட 570 அளவிற் பாரசீகப் படையை அழைத்து வந்தவனாக அரபு மரபு கூறும் சைபும் அக்குலத்தவனே. வந்த படை திரும்பவில்லை; யெமன் பாரசீக மாகாணமாயிற்று.