சிலம்பும் டிரங்குப் பெட்டியும்

ஓசூர்ப் பெருமக்களே! எதிரணியில் பேசிய அம்மையார், "கொலையைக் கண்ணால பார்த்த சாட்சியே இல்லையே, எப்படிங்க தண்டனை குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

1952-க்குப் போவோம். இதோ பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தாரே ராஜாஜி, அவர் சென்னையில் முதலமைச்சராக இருந்த நேரம். ஆகஸ்ட் மாதம், போட் மெயிலில் கேட்பாரில்லாத ஒரு டிரங்குப் பெட்டி. ஒரே நாற்றம். மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல்! தலை அப்புறம் சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது.

செத்தது யாரு? ராணுவப் பதிவேட்டில் இருந்த விரல் ரேகை சொன்னது: பேனா வியாபாரி ஆளவந்தார். தலையும் உடலும் ஒருவருடையதே என்று மருத்துவ நிபுணர் காட்டினார். அவர் கடைசியாகப் போன வீடு எது? அந்த வீட்டுத் தம்பதி ஏன் பம்பாய்க்குப் போனார்கள்? கண்ணி கண்ணியாகக் கோர்த்தார்கள். 1953-ல் நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் விதித்தார்.

அதே 1952 செப்டம்பரில், ஓர் ஆவண மோசடி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நெறி வகுத்தது: சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது, 'இவன் நிரபராதியாக இருக்கலாமோ' என்பதற்கு நியாயமான இடமே இருக்கக் கூடாது. அந்த நெறி ஓர் உயிரையே காப்பாற்றியது. புனாவில் ஒரு பெண் விஷத்தால் இறந்தாள். கணவன் சார்தாவுக்குத் தூக்கு. உயர் நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. 1984-ல் உச்ச நீதிமன்றம் சங்கிலியை இழுத்துப் பார்த்தது, அறுந்தது. விடுதலை! சந்தேகம் எவ்வளவு பலமானாலும் அது ஆதாரம் ஆகாது.

உடனே எதிரணி கேட்கும்: "கையில சிலம்பு இருந்துச்சுன்னுதானே கோவலனை வெட்டினாங்க?" அய்யா, பொய் சொன்னது சிலம்பா? பொற்கொல்லன் வாயல்லவா! அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு கடைசி வரை உண்மையைத்தான் வைத்திருந்தது. பாண்டியன்தான் திறந்து பார்க்கவில்லை. (கைதட்டல்)

நாளைக்கு உங்கள் கம்பெனியில் ஒரு பொருள் காணாமல் போகலாம். கடைசியாக ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவனைச் சட்டென்று திருடன்னு சொல்லிடாதீங்க. அவன் வீட்டிலும் ஒரு கண்ணகி காத்திருப்பாள். முதலில் சிலம்பை உடைச்சுப் பாருங்க, ஆளை உடைச்சுடாதீங்க!